மேடும் பள்ளமும்

நம் பாட்டன்மார் நிலம் வாங்கினார்கள், நிலத்தை விற்றார்கள், நிலத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏறி, வழக்காடித் தோற்றும் போனார்கள். ஆனால் அவர்கள் மண் வாங்கினார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. குயவர் குளத்தில் களிமண் எடுத்தார். வீடு கட்டுகிறவர் தம் கொல்லையிலேயே குழி வெட்டி, அந்த மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினார். வெட்டிய குழி பிறகு எருக்குழி ஆயிற்று. ஒருவர் மண்ணுக்கு விலை சொல்ல, இன்னொருவர் பேரம் பேசி வாங்குவது என்பது அவர்களுக்கு வேடிக்கையாகவே இருந்திருக்கும்.

இன்று மண்ணும் ஒரு சரக்கு. சர்க்கரையைக் கிலோவால் அளப்பது போல மண்ணை 'யூனிட்'டால் அளக்கிறார்கள். 100 கன அடி ஒரு யூனிட். செம்மண், சவுடு, கிராவல், வண்டல் என்று வகைக்கு ஒரு விலை. தொலைபேசியில் சொன்னால் லாரி வாசலில் வந்து நிற்கிறது. மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பையில் கட்டிய மண்ணும் கடையில் கிடைக்கிறது.

இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கொல்லையில் நாலு வெண்டைச் செடி வைத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிற சாதாரண மனிதரைக்கூட அது விடுவதில்லை. அதைத்தான் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டின் ஓரத்தில் ஒரு மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார். மகனுக்கு ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அந்தப் பக்கத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹுண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கி, 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை வந்தது. ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த நாட்டுப்புறம் ஒரு தலைமுறைக்குள் மதில் சுவர்களும் அகலச் சாலைகளுமாக மாறிவிட்டது. வேலை கிடைத்தது, மனைக்கு விலை கிடைத்தது, பேருந்து கிடைத்தது. வயல் போனது என்று வருந்துகிறவர்களும் மகனுக்கு வேலை கிடைத்ததை வருத்தமாகச் சொல்வதில்லை.

நண்பரின் மனை முன்பு நன்செய் நிலம். மேலே கட்டட வேலையின் போது கொட்டிய ஜல்லித்தூளும் சிமெண்டுக் கட்டிகளும்; ஒரு சாண் தோண்டினால் பிசுபிசுக்கும் களி. கோடையில் அந்தக் களி பிளந்து, விரல் நுழையும்படி வாய் திறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்று, வைத்த செடியின் வேரை அழுக வைத்துவிடும். இப்படிப்பட்ட இடத்துக்கு மேட்டுப்பாத்திதான் சரி என்று படித்தவர்களும் சொன்னார்கள், ஊர்க்காரர்களும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மையே. செடியின் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்றுக்கு இடமில்லை. பாத்தியை உயர்த்திவிட்டால் வேண்டாத நீர் வடிந்துவிடும்.

மேட்டுப்பாத்தியைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். 1991-இல் சோவியத் நாடு கலைந்தபோது, அதை நம்பியிருந்த கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் உணவும் வருவது குறைந்து போயிற்று. ஹவானா நகரத்து மக்கள் காலி மனைகளில் உடைந்த கான்கிரீட்டையும் கல்லையும் கூரைத் தகட்டையும் வரம்பாக வைத்து, உள்ளே மண்ணையும் மட்கிய எருவையும் கலந்து நிரப்பி, கீரையும் காயும் விளைவித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வயிற்றுப் பாடு.

நண்பர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். மரப் பலகையில் பாத்தி கட்டினால் மூன்று மழைக்குள் கரையான் தின்றுவிடும் என்று கேட்டறிந்து, செங்கல்லில் கட்டத் தீர்மானித்தார். ஒவ்வொரு பாத்தியும் 10 அடி நீளம், 4 அடி அகலம், 1½ அடி உயரம். அகலம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மிதித்துவிட்டால் மண் இறுகிவிடும். பிறகு மேட்டுப்பாத்தி கட்டியதன் பயனே போய்விடும். சுவருக்கு அடியில் அரை அடி ஆழம் வெட்டிச் செங்கல் ஜல்லி போட வேண்டும். பாத்தியின் அடியில் தளம் போடவே கூடாது. வேர் கீழே இறங்கவும் நீர் வடியவும் மண்ணோடு மண் சேர்ந்திருக்க வேண்டும். சுவரின் அடி வரிசையில் மூன்றடிக்கு ஒரு சந்து விட வேண்டும். செங்கல் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் உள்ளே தேங்கிய தண்ணீர்தான். வடிவதற்கு வழியிருந்தால் சுவர் நெடுநாள் நிற்கும்.

இதெல்லாம் நல்ல யோசனைகள். யாரும் பின்பற்றலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது.

10 அடி நீளம், 4 அடி அகலம், 1½ அடி உயரம் என்றால் ஒரு பாத்திக்கு 60 கன அடி. நாலு பாத்திக்கு 240 கன அடி. ஏறக்குறைய இரண்டரை யூனிட். ஒரு பாத்தி மண்ணின் எடை மட்டுமே இரண்டு டன்னுக்குக் குறையாது. சுற்றுச் சுவருக்குப் பாத்திக்கு இருநூறு செங்கலுக்கு மேல். போதாததற்கு, பாத்திகளுக்கு இடையில் சேறில்லாமல் நடக்க வேண்டும் என்று வழியெல்லாம் கிராவல் கொட்டி மேடாக்கவும் எண்ணியிருந்தார். ஆக, நாலு கத்தரிச் செடிக்காக லாரி லாரியாக மண் வர வேண்டியிருந்தது.

முதல் லாரி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். நல்ல சிவப்பு மண். கையில் எடுத்தால் உதிர்ந்தது. நண்பரின் மனைவி சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது எந்த ஊர் மண்ணு?" என்று கேட்டார். சாதாரணமான கேள்விதான். அரிசி வாங்கினால் எந்த ஊர் அரிசி என்று கேட்கிறோம். மாம்பழம் வாங்கினால் சேலமா என்று கேட்கிறோம். நண்பர் லாரி ஓட்டுநரிடம் கேட்டார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, "நல்ல மண்ணு சார். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. அவருடைய வீடு பழைய ஓட்டு வீடு. சாலையை விட ஓரடி தாழ்வாக இருக்கும். வீடு கட்டிய காலத்தில் சாலையை விட அது இரண்டு படி உயரமாகத்தான் இருந்தது. வீடு கீழே இறங்கவில்லை. சாலைதான் ஒவ்வொரு முறையும் போட்ட தாருக்கு மேல் தார் போட்டு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த அம்மாள் வேலியோரம் வந்து லாரியைப் பார்த்தார். நண்பரை அழைத்துச் சொன்னார்:

"தம்பி, ரோட்ட ஏத்தினாங்க, தண்ணி எங்கூட்டுக்கு வந்துச்சு. இப்ப நீயும் மண்ணக் கொட்டி ஏத்திக்கினா, அது எங்க போவும்?"

"இல்லே ஆயா, நாலு பாத்திதான் கட்டறேன்" என்றார் நண்பர்.

"அதான் தம்பி கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை நண்பரும் நானும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பெண்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். மண் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. தண்ணீர் எங்கே போகிறது என்பது மற்றொன்று. சற்று யோசித்தால் இரண்டும் ஒரே கேள்விதான். எங்கே ஒரு மேடு எழுந்தாலும், வேறு எங்கோ ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மேட்டை நாம் கண்ணால் பார்க்கிறோம், அழகு பார்க்கிறோம். பள்ளத்தைப் பார்ப்பதில்லை. அது நம் ஊரில் இல்லை. அல்லது நம் வேலிக்கு அப்பால் இருக்கிறது. கண்ணில் படாத பள்ளத்துக்கு நாம் பொறுப்பா?

நண்பர் மூன்று சமாதானங்கள் சொன்னார். அவை நாம் எல்லோரும் சொல்லுகின்ற சமாதானங்கள்தாம்.

முதலாவது, "நான் சும்மா எடுக்கவில்லை, காசு கொடுத்து வாங்குகிறேன்." சரி. அந்தக் காசு யாருக்குப் போகிறது? லாரிக்காரருக்கு, டீசலுக்கு, தோண்டும் இயந்திரத்துக்கு. மேல்மண் ஓர் அங்குலம் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்று மண்ணை ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அந்த ஆண்டுகளுக்கு விலை எந்த ரசீதிலும் இல்லை. ஏரியின் அடியில் வரைமுறை இல்லாமல் தோண்டிவிட்டால், மதகுக்குக் கீழே தண்ணீர் தங்கிவிடும். அது கண்ணுக்குத் தண்ணீர், வாய்க்காலுக்கு அன்று. வயலுக்குத் தானாகப் பாயாது. மழைக்குப் பிறகு அந்தக் குழிகளின் ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கிய பிள்ளைகள் மூழ்கிப் போன செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பள்ளத்தின் துன்பத்தைச் சுமக்கிறவர் யாரோ, அவர் இந்த வியாபாரத்தில் வாங்குகிறவரும் அல்லர்; விற்கிறவரும் அல்லர். அவரைக் கேட்காமல் பேசி முடித்த விலை எப்படி முழு விலை ஆகும்?

இரண்டாவது, "என்னுடைய இரண்டரை யூனிட்டால் எந்த ஏரி அழிந்துவிடப் போகிறது?" இது கொஞ்சம் வலுவான சமாதானம். உண்மையில் அழியாதுதான். ஆனால் இதே கணக்கைத்தான் சாலை போட்டவரும் சொல்லியிருப்பார்: "நாலு அங்குலம்தானே?" வீடு கட்டியவரும் சொல்லியிருப்பார்: "என் மனையை மட்டும்தானே உயர்த்துகிறேன்?" நம் புறநகர்களில் புது வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டை விட ஓரடி உயரமாக அடித்தளம் போடுகிறார். அடுத்துக் கட்டுகிறவர் அதைவிட ஓரடி. எல்லோரும் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். முதலில் கட்டியவர் மட்டும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்.

2015 டிசம்பரில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை புரண்டு, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் புகுந்தது. அந்த ஆறு எங்கிருந்து புறப்படுகிறது? ஒரகடத்துக்குக் கிழக்கே, மணிமங்கலத்துப் பக்கத்து ஏரிகளிலிருந்து. அங்கே வானம் பெருமழையைக் கொட்டியது. அது யார் செய்ததும் இல்லை. ஆனால் வயலாகவும் தாழ்நிலமாகவும் கிடந்து தண்ணீரைத் தாங்கிய இடமெல்லாம் மேடாகிக்கொண்டே வந்தால், அந்தத் தண்ணீர் போக்கிடம் தேடத்தானே செய்யும்? ஒவ்வொருவரும் தமக்கென எழுப்பிய சின்ன மேடுகள் சேர்ந்து, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வீட்டைப் பள்ளமாக்கிவிடுகின்றன. யாரும் குற்றவாளி இல்லை; ஆனால் குற்றம் நடந்துவிடுகிறது. நம் காலத்துத் தீமைகளில் பல இந்த விதத்தைச் சேர்ந்தவை.

மூன்றாவது, "நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கிக்கொள்வார்." இதற்கு நான் பதில் சொல்லவில்லை. நண்பரே சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். திருட்டு நகையை வாங்குகிறவரும் இதையே சொல்லலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

இப்படிப் பேசிக்கொண்டே போனால் மனிதன் எதையுமே கட்டக் கூடாது என்று ஆகிவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி அல்ல. பானை வேண்டும் என்றால் குளத்து மண் எடுக்கத்தான் வேண்டும். வீடு வேண்டும் என்றால் செங்கல் சுடத்தான் வேண்டும். பள்ளமே இல்லாத வாழ்வு யாருக்கும் கிடையாது. ஆனால் பள்ளங்களில் இரண்டு வகை உண்டு: அனாதையாக விடப்பட்ட பள்ளம் ஒன்று, வாழவைக்கப்பட்ட பள்ளம் மற்றொன்று.

இதற்குச் சாட்சி தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம், செங்கற்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை. ஏரி என்றால் என்ன? ஒரு பக்கம் மண்ணை அகழ்ந்து மறுபக்கம் கரையாகப் போட்டார்கள். கரை மேடு, உள்ளே பள்ளம். மேடு பள்ளத்தைக் காத்தது. பள்ளம் தண்ணீரைத் தாங்கி, ஊருக்குச் சோறு போட்டது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ச் சபையின் குழுக்கள் சொல்லப்படுகின்றன. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு வைத்த ஊர், ஏரியைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு குழு வைத்திருக்கிறது. ஏரியில் படிந்த வண்டலை ஆண்டுதோறும் எடுத்துக் கரையில் போடுவதற்கென்றே பொன்னும் நிலமும் கொடுத்தவர்களின் கல்வெட்டுகளும் தமிழகத்தில் உண்டு. கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் இடுவது நேற்று வரை நம் உழவர்களின் வழக்கம். 2017-இல் தமிழக அரசும், ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்தது. அந்த மண் எடுத்ததால் ஏரி கெடவில்லை, ஆழம் பெற்றது. வயலும் உரம் பெற்றது. அளவோடு எடுத்த மண் இரண்டு இடத்திலும் நன்மை செய்தது.

வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இன்னும் எளிதாக விளங்கும். நீண்ட மேட்டுப்பாத்தி, அதை ஒட்டி ஆழமான வாய்க்கால், மறுபடி பாத்தி, மறுபடி வாய்க்கால். பாத்தியில் அகத்தியும் அதைப் பற்றிய வெற்றிலைக் கொடியும். வாய்க்காலில் தண்ணீர். வாய்க்காலில் சேரும் சேற்றை அள்ளிப் பாத்தியின் மேலேயே அணைப்பார்கள். கடல் கடந்து மெக்சிகோ நகரத்துக்குத் தெற்கே சோச்சிமில்கோ என்ற இடத்திலும் இதே முறைதான். ஸ்பானியர் அங்கே போவதற்கு முன்பிருந்தே, ஏரித் தண்ணீருக்கு நடுவில் அடிச்சேற்றை அள்ளிப் போட்டுத் திட்டுகள் எழுப்பி, கால்வாய்களுக்கு இடையே காய்கறி விளைவித்து வருகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாட்டு உழவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: மேட்டுக்குப் பக்கத்திலேயே அதன் பள்ளமும் இருக்கட்டும். இரண்டும் ஒருவருடைய பொறுப்பிலேயே இருக்கட்டும்.

என் நண்பர் இரண்டாவது லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வந்த முதல் லாரி மண்ணைத் திருப்பி அனுப்ப வழியில்லை. அது ஒரு மூலையில் குவிந்து கிடந்து, செடித் தொட்டிகளுக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு அவர் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பாத்தியின் சுவர் 1½ அடி வேண்டாம். முக்கால் அடி போதும். செங்கல் மூன்று வரிசை. ஒரு பாத்திக்கு நூற்றுக்குச் சற்று மேல் செங்கல். முன்பு எண்ணியதில் பாதி. அவையும் சூளையிலிருந்து வரவில்லை. பக்கத்து ஊரில் இடித்த வீட்டுச் செங்கற்களைச் சுண்ணாம்பு சுரண்டி எடுத்து வந்தார். அவற்றுக்கான பள்ளம் எப்போதோ விழுந்துவிட்டது; இன்னொரு முறை விழ வேண்டியதில்லை. பாத்திகளுக்கு இடையே கிராவல் கொட்டி உயர்த்த எண்ணிய வழியை, அதற்கு மாறாக, வெட்டி இறக்கினார். 2 அடி அகலம், 9 அங்குல ஆழம். அது சுவரின் அடித்தளத்தைக் குலைக்காமலிருக்க, சுவருக்கும் குழிக்கும் நடுவே ஓரடி நிலத்தை அப்படியே விட்டுவிட்டார். மேலே கிடந்த ஜல்லியையும் சிமெண்டுக் கட்டியையும் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டார். ஒரு பாத்தியின் நீளத்துக்கு அந்த வழியிலிருந்து கிடைத்த மண் 15 கன அடி. முக்கால் அடி உயரப் பாத்திக்கு வேண்டியது 30 கன அடி. பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஊரில் மாடு வைத்திருப்பவரிடம் வாங்கிய மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு, வேப்பஞ் சருகு. களிமண்ணின் இறுக்கத்தை அவை தளர்த்தின. எருவும் விலைக்கு வாங்கியதுதான். ஆனால் எரு ஆண்டுதோறும் உண்டாவது. அதை விற்றவர் வீட்டில் பள்ளம் விழுவதில்லை.

இப்போது வழியில் நின்று பார்த்தால் பாத்தியின் உயரம் எவ்வளவு? தரைக்கு மேல் முக்கால் அடி. தரைக்குக் கீழே முக்கால் அடி. மொத்தம் 1½ அடி. முதலில் அவர் ஆசைப்பட்ட அதே உயரம்! பாதி உயரத்தை மேடு கொடுத்தது. பாதி உயரத்தைப் பள்ளம் கொடுத்தது.

மழைக்காலத்தில் அந்த வழிகளில் தண்ணீர் நிற்கும். ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் கொசு முட்டையிட்டுப் பெருகிவிடும் என்பதால், எல்லா வழிகளையும் கடைசியில் ஓர் உறிஞ்சு குழியோடு சேர்த்திருக்கிறார். பொறுக்கி வைத்த ஜல்லியெல்லாம் அந்தக் குழிக்குள் போயிற்று. முன்பு மனையிலிருந்து வேலியைத் தாண்டி மூதாட்டியின் முற்றத்துக்குப் போன மழை நீரில் பெரும் பகுதி இப்போது இங்கேயே தங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. முழுவதும் தங்கிவிடாது. பெருமழைக்கு எந்தக் குழியும் போதாது. ஏறிப்போன சாலையை நண்பரால் இறக்கவும் முடியாது. ஆனால் தம் பங்குத் தண்ணீரை அவர் அடுத்த வீட்டுக்கு அனுப்பவில்லை. மழை நாளில் கீரை பறிக்கப் போனால் காலில் சேறு படுகிறது. படட்டும் என்று விட்டுவிட்டார்.

இதையெல்லாம் ஒரு சட்டமாக நான் சொல்ல வரவில்லை. முழங்கால் வலியால் குனிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடுப்பளவு உயரத்தில் பாத்தி வேண்டும். மாடியில் வளர்க்கிறவர்கள் எங்கே பள்ளம் வெட்டுவார்கள்? ஆலைக் கழிவு படிந்த நிலமாக இருந்தால் வேறு மண் கொண்டு வரத்தான் வேண்டும். தேவை இருக்கிறவர்கள் மண் வாங்கட்டும். வாங்கும்போது, "இது எந்த ஊர் மண்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும், பதில் கிடைக்கும் இடத்தில் வாங்கட்டும். பதில் சொல்ல மறுக்கிற சரக்கு எதுவானாலும், அதன் விலையில் பாதியை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

நீடித்து நிற்கும் பாத்தி எது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். சுவர் முப்பது ஆண்டு நிற்கலாம். உள்ளே இருக்கும் மண் அப்படி நிற்பதில்லை. எருவும் சருகும் மட்கி, ஆண்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்துகொண்டே இருக்கும். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்ப லாரியைக் கூப்பிடுகிறவருடைய பாத்தி, ஒவ்வோர் ஆண்டும் எங்கோ ஒரு குழியை ஆழமாக்கிக்கொண்டே இருக்கும். வாழைப்பழத் தோலையும் கீரைத் தண்டையும் உதிர்ந்த சருகையும் மட்கவைத்து நிரப்புகிறவருடைய பாத்தி, அந்த வீட்டார் வாழ்ந்துகொண்டிருப்பதாலேயே உயர்ந்து நிற்கும். செங்கல்லின் உறுதி ஒரு முறை வாங்குவது. இந்த உறுதியை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ள வேண்டும்.

இதற்கு வடக்குப்பட்டிலேயே ஒரு சாட்சி மண்ணுக்குள் இருக்கிறது. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தார் அங்கே அகழாய்வு செய்தார்கள். வேட்டையாடி வாழ்ந்த காலத்து மனிதர்கள் செதுக்கிய கற்கருவிகள் கிடைத்தன. மேலே, மிகப் பிற்காலத்து மக்கள் விட்டுச் சென்ற பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. அங்கிருந்து சென்னைப் பக்கம் போனால் வருகிற பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட், சரளை மண் தோண்டிய ஒரு குழியில் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாகக் கண்டெடுத்தார். யாரோ எதற்காகவோ தோண்டிவிட்டுப் போன பள்ளத்தை அவர் நின்று பார்த்தார். நம் நாட்டு வரலாறு பல ஆயிரம் ஆண்டுகள் பின்னே போயிற்று.

மக்கள் நெடுங்காலம் குடியிருந்து விட்டுப் போன இடங்கள் நம் ஊர்ப்புறங்களில் மேடுகளாக இருக்கும். நத்தமேடு என்று சொல்வார்கள். அந்த மேட்டை யாரும் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, விழுந்த மண்சுவர், அதன் மேல் எழுப்பிய புதுச் சுவர், மாட்டுச் சாணம், உமி என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, வாழ்க்கையே மெல்ல மெல்ல மேடாகியிருக்கிறது. அந்த மண் சத்துள்ள மண் என்பது உழவர்களுக்குத் தெரியும். பல ஊர்களில் அதை அள்ளி வயலுக்கு இட்டிருக்கிறார்கள்.

நாம் கட்டுகின்ற மேடுகளில் எவை நத்தமேடுகள், எவை லாரி மேடுகள் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். அதைக் கொல்லைப்புறத்து வெண்டைப் பாத்தியிலிருந்தே தொடங்கலாம். பாத்தி சின்னதுதான், ஆனால் அதை எழுப்புவதற்கு முன்னால் அதன் பள்ளம் எங்கே என்று கேட்கிறவர், வீடு கட்டும்போதும் கேட்பார். ஊருக்குச் சாலை போடும்போதும், பக்கத்து ஓட்டு வீட்டைக் காட்டி, எழுந்து நின்று கேட்பார்.